வயதான நாய்க்கு நீர்க்கடுப்பு விட்டு விட்டு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஜூலிக்கு 12 வயது. வெள்ளை ஸ்பிட்ஸ், தெருவில் எல்லோருக்கும் அவள் 'பாமரேனியன்'. 14 மாதத்தில் நான்கு முறை சிறுநீர்த் தொற்று வந்தது. ஒவ்வொரு முறையும் மாத்திரைக்கு அடங்கும், சில வாரத்தில் மறுபடி தலைகாட்டும். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வைத்து, மாலை நடையில் மற்ற நாய்க்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்துப் பெயர் வரும் இடங்களில் அளவு சொல்லாமல் விட்டிருப்பது வேண்டுமென்றேதான்.

எத்தனை முறை வந்தால் 'திரும்பத் திரும்ப' என்று கணக்கு?

ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை. கால்நடை மருத்துவர்கள் போட்டிருக்கும் கோடு இது. எப்போதோ ஒரு தடவை வந்து போனால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பெண் நாய்க்கு மூத்திரக் குழாய் குட்டை, ஆசனவாயும் பக்கத்திலேயே இருக்கிறது, கிருமி ஏறுவது சுலபம். ஆனால் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் 'எந்த மாத்திரை?' என்பதோடு 'ஏன் வருகிறது?' என்றும் கேட்க வேண்டும். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே ஒரு வருடம் ஆகிவிட்டது.

தொற்று என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிக்கடி உட்காரும், கொஞ்சம்தான் வரும். போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி கதவருகே நிற்கும். அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். வாடை தூக்கலாக இருக்கும், சில சமயம் கலங்கலாக அல்லது ரத்தம் கலந்து வரும். ஜூலி விஷயத்தில் முதலில் கண்ணில் பட்டது ஹால் மொசைக் தரையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சொட்டு. காய்ந்த பிறகு அதன் விளிம்பு மட்டும் லேசான ரோஸ் நிறத்தில் தெரிந்தது. அன்றைக்கு அதை மாப் போட்டுத் துடைத்துவிட்டு, 'வயசாயிடுச்சு, அடக்க முடியவில்லை போல' என்று விட்டுவிட்டோம்.

வயதான நாய் வீட்டுக்குள் சிறுநீர் விட்டால் உடனே வயதின் மேல் பழி போடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தூங்கி எழுந்த இடம் நனைந்திருந்து, அது நாய்க்கே தெரியாமல் நடந்திருந்தால் அது பெரும்பாலும் ஒழுக்கு. தெரிந்தே உட்கார்ந்து, முக்கி, சொட்டுச் சொட்டாக விட்டால் எரிச்சல். இரண்டும் சேர்ந்தும் வரலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

வெயில் சூடுதானே? பார்லித் தண்ணீர், இளநீர் கொடுத்தால் சரியாகாதா?

நீர்க்கடுப்பு என்றாலே 'சூடு' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் முதலில் கை போனது பார்லிக்குத்தான். தண்ணீர் அதிகம் உள்ளே போவது நல்லதே, அந்த அளவில் உப்புப் போடாத பார்லிக் கஞ்சித் தண்ணீர் கெடுதல் செய்யாது. ஆனால் சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமியை அது விரட்டாது. நான்கு நாள் பார்லியில் போனால், மருத்துவரிடம் போவது நான்கு நாள் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதான கிழ நாய்க்கு அதைத் தினமும் ஊற்றக் கூடாது. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் நாய்க்குக் கேட்டதாக நான் பார்த்ததில்லை.

கட்டாயம் சொல்ல வேண்டியது புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குக் காரணம் என்று இப்போது சந்தேகிக்கப்படும் டார்டாரிக் அமிலம் புளியிலும் ஏராளம். ரசம் சாதம், புளிசாதம், மீன் குழம்பு மிச்சம் எதுவும் வேண்டாம். அவற்றில் வெங்காயம், பூண்டு வேறு கிடக்கும், அதுவும் ஆகாது.

நமக்கு நீர்க்கடுப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் சிரப்பையும் நாய்க்கு ஊற்றாதீர்கள். அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் காரத்தன்மை உள்ளதாக்கும். நாய்களுக்கு வரும் ஒரு வகைக் கல் வளர்வதே காரச் சிறுநீரில்தான். இனிப்புக்கு சைலிட்டால் சேர்த்த மருந்து என்றால் உயிருக்கே ஆபத்து. வலிக்கிறதே என்று பாரசிட்டமாலோ டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ கொடுப்பதும் அப்படித்தான்.

போன தடவை கொடுத்த ஆன்ட்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறது. ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். போன தடவையின் கிருமியேதான் இது என்று யாருக்கும் தெரியாது. அரைகுறையாகக் கொடுத்தால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு வேளை மாத்திரை உள்ளே போன பிறகு பரிசோதனைக்குக் கொடுத்தால் கிருமி வளராமல் போய், 'தொற்று இல்லை' என்று ரிப்போர்ட் வரும். நான் மூன்றாவது முறை செய்த முட்டாள்தனம் இதுதான்.

யூரின் கல்ச்சர் அவசியமா? அதற்கு எப்படிப் பிடிப்பது?

முதல் தடவை வரும் சாதாரணத் தொற்றுக்குச் சில மருத்துவர்கள் கல்ச்சர் (சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்து, எது என்று பார்க்கும் சோதனை) இல்லாமலே தொடங்குவார்கள், அது தவறில்லை. திரும்ப வருகிறது என்றால் கல்ச்சர் இல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம் என்பது என் கட்சி.

குச்சியை நனைத்து நிறம் பார்க்கும் சோதனை மட்டும் போதாது. அதில் வெள்ளணுவுக்கான கட்டம் நாயின் சிறுநீரில் நம்பகமானது இல்லை. சிறுநீரைச் சுழற்றி அடியில் தங்குவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், கல்ச்சரும் போட வேண்டும். கல்ச்சருக்குச் சிறந்த வழி, மருத்துவர் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு நேராக எடுப்பது. கேட்க பயமாக இருக்கும். ஸ்கேன் பார்த்துக்கொண்டே அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், ஜூலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கேனில் கட்டி மாதிரி ஏதாவது தெரிந்தால் மட்டும் ஊசி போட மாட்டார்கள், கட்டியின் செல்கள் ஊசி வழியில் பரவ வாய்ப்பு உண்டு என்பதால்.

சர்க்கரை, அடர்த்தி மாதிரி சாதாரணச் சோதனைக்கு வீட்டிலேயே பிடிக்கலாம். குட்டையான நாயின் அடியில் பாட்டிலை நீட்டினால் அது உடனே எழுந்து நின்றுவிடும். நான் பயன்படுத்துவது நீளக் கைப்பிடி உள்ள எவர்சில்வர் குழிக்கரண்டி. கொதிநீரில் கழுவி, ஆறவைத்து, காலை முதல் நடைக்கு எடுத்துப் போவேன். அவள் உட்கார்ந்து ஒன்றிரண்டு நொடி போன பிறகு பின்னாலிருந்து மெதுவாக நீட்டுவேன். பக்கத்து வீட்டு மாமி முதல் நாள் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தக் கரண்டிக்கு இப்போது சிவப்பு நூல் கட்டி, சமையலறைப் பக்கமே வராமல் வைத்திருக்கிறோம்.

பிடித்த சிறுநீர் அரை மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாது என்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். வெளியே கிடந்தால் ஒன்றிரண்டு கிருமி பெருகி ஆயிரமாகிவிடும், ரிப்போர்ட் பொய் சொல்லும்.

கல்ச்சர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மேலே கிருமியின் பெயர் இருக்கும். நாய்களில் அதிகம் வருவது ஈ. கோலை. ஸ்டெஃபைலோகாக்கஸ், புரோட்டியஸ், என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா இவையும் வரும். கீழே மருந்துப் பட்டியல். எதிரே எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ என்றால் இரண்டுங்கெட்டான். பட்டியலில் பெரிய மருந்தாகப் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. அமாக்ஸிசிலின் எஸ் என்றால் அதுவே போதும், பெரியவற்றைப் பின்னால் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். சல்ஃபா மருந்து கொடுத்தால் கண் வறட்சி வருகிறதா என்று பாருங்கள். பீளை கெட்டியாகக் கட்டினால் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஒரே கிருமி, மாத்திரை நிறுத்திய கொஞ்ச நாளிலேயே வந்தால் அது உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது: கல்லில், சிறுநீரகத்தில், ஆண் நாய் என்றால் புராஸ்டேட் சுரப்பியில். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிருமி என்றால் கதவு எங்கோ திறந்து கிடக்கிறது, அதாவது உடம்பின் தடுப்பு குறைந்திருக்கிறது. மருத்துவர் எங்கே தேட வேண்டும் என்பதை இந்த ஒரு ஃபைல் பாதி சொல்லிவிடும்.

சரி, ஏன்தான் திரும்பத் திரும்ப வருகிறது?

கிழ நாய்க்குத் தொற்று சும்மா திரும்பி வராது. பின்னால் வேறொன்று இருக்கும் என்று எடுத்துக்கொண்டு தேடுவதுதான் வழி.

முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி, அன்று முழுக்க அதிலிருந்து மட்டும் கிண்ணத்தில் ஊற்றுங்கள். தீர்ந்தால் மறுபடி நிரப்பிக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அதே நேரத்தில் கணக்கு முடியுங்கள். பாத்ரூம் வாளி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் அன்றைக்கு மூடிவிட வேண்டும். ஒரு நாளில் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது இயல்பு இல்லை. ஜூலி 9 கிலோ. 900 மில்லி தாண்டக் கூடாது. அவள் குடித்தது 1,150.

இப்படிக் குடிக்கவைக்கும் நோய்கள் சில உண்டு. சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, அட்ரினல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய். மூன்றிலும் சிறுநீர் நிறையப் போகும், தொற்றும் சுலபமாக வரும். கருப்பை எடுக்காத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ் கோத்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும், அது உயிர் பிரச்சினை. ஜூலிக்குப் பசியும் அசுரப் பசி, வயிறு பானை மாதிரி தொங்கல், முதுகில் முடி மெலிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்திருந்த ஒரே விளக்கம் வயசு.

புதிதாகப் பார்த்த டாக்டரம்மா ரத்தம் எடுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "இவளுக்கு வேற என்ன மாத்திரை கொடுக்கிறீங்க?" தோல் அரிப்புக்குச் சின்ன மாத்திரை ஒன்று, அவ்வப்போது, என்றேன். வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு. இரண்டு வருடம் முன்னால் ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு எழுதியது. அரிப்பு வரும்போதெல்லாம் அதே பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கி வந்திருக்கிறேன். 'அவ்வப்போது' என்று நான் சொன்னது, பில்லை எண்ணிப் பார்த்தால் மாதத்தில் இருபது நாள்.

ஸ்டீராய்டு தாகத்தைக் கூட்டும், சிறுநீரை நீர்க்கச் செய்யும், உடம்பின் எதிர்ப்பை அமுக்கும். எரிச்சலையும் அமுக்கிவிடுவதால் தொற்று இருந்தும் வெளியே தெரியாது. அட்ரினல் கெடாமலே குஷிங் நோயின் தோற்றம் முழுவதும் வந்துவிடும். ஒவ்வொரு தொற்றும் மாத்திரையில் அடங்கி, அடுத்த அரிப்பில் மறுபடி கிளம்பியதன் கணக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இதைப் படித்துவிட்டு உங்கள் நாயின் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ரொம்ப நாள் வாங்கிய உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென்று விட்டால் நாய் சுருண்டு விழும். ஜூலிக்குப் பல வாரம் படிப்படியாகக் குறைத்தார்கள். அரிப்புக்குக் காரணம் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும்தான் என்பது பிறகு தெரிந்தது.

அடுத்து ஸ்கேனும் எக்ஸ்ரேயும். கல் இருந்தால் அதன் உள்ளே கிருமி குடியிருக்கும், மருந்து அங்கே எட்டாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் சிறுநீரைக் காரமாக்கி ஸ்ட்ரூவைட் கல்லைத் தாங்களே கட்டிக்கொள்ளும். அந்த வகையைத் தனி உணவும் ஆன்ட்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுத்துக் கரைக்கலாம். ஆக்சலேட் கல் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் இதே ரத்தம், இதே முக்கலோடுதான் வரும். ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்ததும் சில நாள் தேவலை போலத் தோன்றி ஏமாற்றும். பத்து வயது தாண்டிய நாய்க்கு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

பெண் நாய் குண்டாக இருந்தால் பிறப்புறுப்பு தோல் மடிப்புக்குள் புதைந்து, அந்த இடம் எப்போதும் ஈரமாகவே கிடக்கும். மடிப்பை விரித்துப் பாருங்கள். சிவந்து, பிசுபிசுத்து, வாடை அடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எடை குறைத்தால் பாதி சரியாகும், சிலவற்றுக்கு மடிப்பை எடுக்கும் சின்ன ஆபரேஷன் தேவைப்படும். முதுகெலும்பு, இடுப்பு பலவீனமான நாய்க்கு வேறு பிரச்சினை: பையை முழுக்கக் காலி செய்ய முடியாமல் மிச்சம் தேங்கும்.

எத்தனை நாள் மாத்திரை கொடுக்க வேண்டும்?

முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 14 நாள் எழுதுவார்கள். இப்போது சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் போதும் என்கிறார்கள். சிறுநீரகம் வரை ஏறியிருந்தால் 10 முதல் 14 நாள், புராஸ்டேட் என்றால் 4 முதல் 6 வாரம். திரும்பி வரும் தொற்றுக்கு எத்தனை நாள் என்பதைக் காரணத்தைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். வராமல் தடுக்க மாதம் முழுக்கச் சின்ன அளவில் ஆன்ட்டிபயாட்டிக் கொடுப்பது கெட்ட யோசனை, அது எதற்கும் அடங்காத கிருமியைத்தான் வளர்க்கும்.

நாய் நன்றாகத்தான் இருக்கிறது, கல்ச்சரில் கிருமி இருக்கிறது. மருந்து வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வயதான நாய்கள் பலவற்றின் சிறுநீரில், குறிப்பாகச் சர்க்கரையோ குஷிங்கோ உள்ளவற்றில், எந்தத் தொந்தரவும் தராமல் கிருமி இருந்துகொண்டே இருக்கும். அறிகுறி இல்லாமல் அதைத் துரத்திக்கொண்டே போனால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. கல் இருந்தால் கதை வேறு, அதை மருத்துவர் சொல்வார்.

கிரான்பெர்ரி, டி-மேனோஸ்?

சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் இவற்றுக்கு நாய்களில் உறுதியாகப் பலன் தெரியவில்லை. கெடுதல் அதிகம் இல்லை, பர்ஸுக்குத்தான்.

கருத்தடை செய்த பெண் நாய், தூக்கத்தில் ஒழுகுகிறது. இதுவும் தொற்றா?

தனியாக அது தொற்று இல்லை. கருப்பையும் சினைப்பையும் எடுத்த பிறகு ஹார்மோன் குறைந்து, மூத்திரக் குழாயின் வாய்த்தசை தளர்ந்துவிடுகிறது. ஆனால் எப்போதும் ஈரம் என்பதால் அதன் வழியாகத் தொற்று ஏறும். தொற்று வந்தால் ஒழுக்கு இன்னும் கூடும். தசையை இறுக்க ஃபினைல்புரொபனோலமைன், எஸ்ட்ரியால் என்று மருந்துகள் உண்டு. ரத்த அழுத்தம் பார்த்துத்தான் முதலாவதைக் கொடுப்பார்கள். டயாபர் கட்டினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

ஆண் நாய்க்கு வராதா?

குறைவு. வந்தால் சாதாரணமாக எடுக்கக் கூடாது. கருத்தடை செய்யாத கிழ ஆண் நாய் என்றால் முதலில் புராஸ்டேட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே தொற்று இருந்தால் எல்லா மாத்திரையும் உள்ளே இறங்காது, அதற்கென்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சிறுநீர் தேங்கக் கூடாது, அதுதான் முக்கியம். ஜூலிக்கு இப்போது நாளுக்கு ஐந்து நடை. கடைசி நடை இரவு பத்தரைக்கு, காலை ஐந்தரைக்கு மறுபடி. அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடாத நாட்களில் அவளைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். கால் வலியால் படி இறங்கப் பயந்து அடக்கி வைக்கும் நாய்கள் நிறைய. மூட்டு வலிக்குச் சிகிச்சை கொடுத்ததும் தொற்று குறைந்த வீடு ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது. வழுக்கும் தரையில் கதவு வரை பழைய சாக்கு விரித்துவிட்டோம், அதுவும் உதவியது.

தண்ணீரைக் குறைத்தால் இரவில் ஒழுகாது என்று சிலர் கிண்ணத்தை எடுத்துவிடுகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். சாதத்தில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக் குழையக் கொடுங்கள், உலர் தீனியை ஊறவைத்துக் கொடுங்கள். பின்பக்க முடியைக் குட்டையாக வெட்டி, தினமும் வெறும் தண்ணீரில் துடைத்து ஈரம் ஒற்றி எடுங்கள். டெட்டால் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றுமா?

சாதாரணச் சிறுநீர்த் தொற்று அப்படிப் பரவாது. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் வேறு, அது நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு, வருடா வருடம் போடுங்கள். எப்படியும் சிறுநீரைத் துடைத்தால் கையுறை போடுவது நல்லது.

எப்போது ராத்திரியானாலும் ஓட வேண்டும்?

முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டும் வராவிட்டால் உடனே. அடைப்பு என்றால் விடியும் வரை காத்திருக்க முடியாது. வாந்தி, காய்ச்சல், சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, முதுகைத் தொட்டால் துடிப்பது ஆகியவை தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியதன் அடையாளம். சிறுநீரில் ரத்தக் கட்டி வந்தாலும் அப்படியே. பக்கத்தில் ஸ்கேன் வசதி இல்லாதவர்களுக்கு: சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பகல் நேரத்தில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

ஜூலிக்கு முழுதாகச் சரியாகிவிட்டதா?

ஸ்டீராய்டு நின்று ஒன்பது மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தது. கல்ச்சர் போட்டு, ஐந்து நாள் மாத்திரையில் போனது. தண்ணீர் இப்போது 500 மில்லிக்குள். வயிறு உள்ளே போய்விட்டது, முதுகில் முடி முளைத்திருக்கிறது, ஆனால் முன்பு போல வெள்ளை இல்லை, கொஞ்சம் மஞ்சளாக. மாதத்துக்கு ஒரு முறை கரண்டியைக் கையில் எடுத்தால் போதும், அவளே நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.